தோவாளையிலிருந்து புறப்பட்ட பாஸ்வேர்டு

தோவாளைச் சந்தையில் விடியும் முன்பே பிச்சிக்கும் மல்லிக்கும் விலை படிந்துவிடும். கேரளத்துக்கு ஏற்றிய பூவின் கணக்கைச் சர்வரில் வைத்திருக்கும் ஒரு வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் நின்றபடி செல்போனில் கணக்குப் பார்ப்பார். ராத்திரி கடைக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன புரோகிராம் அதே கணக்கைத் தானாக இறக்கிக்கொள்ளும்.

இரண்டு வழியிலும் வருவது அவர்தான் என்று சர்வர் உறுதி செய்ய வேண்டும். புரோகிராமுக்கு எச்டிடிபியின் ‘பேசிக்’ முறை போதும். பெயரும் பாஸ்வேர்டும் நடுவில் முக்காற்புள்ளியோடு சேர்ந்து, பேஸ்64 எழுத்துகளாக மாறி, ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பிலும் ஏறிப் போகும். 1996-இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இந்த முறை இருக்கிறது. அதில் எடுத்துக்காட்டாக வரும் பயனர் அலாவுதீன்; அவனுடைய பாஸ்வேர்டு அலிபாபா குகையைத் திறந்த மந்திரம். ஆனால் பேஸ்64 பூட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் நொடியில் பிரித்துப் படிக்கலாம். அதனால் டிஎல்எஸ் மறையாக்கம் இல்லாத வழியில் அந்தத் தலைப்பை அனுப்பவே கூடாது.

செல்போன் பிரவுசருக்குக் குக்கீ. 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி, பாதியில் நிற்கும் இணைய வியாபாரத்தின் விவரத்தை வாங்குபவரின் கம்ப்யூட்டரிலேயே வைக்க உருவாக்கிய ஏற்பாடு இது. பாஸ்வேர்டு ஒரே ஒரு முறை சர்வருக்குப் போகும். அங்கே சேமித்து வைத்த ஹாஷோடு ஒப்பிட்டுப் பார்த்ததும், யாரும் ஊகிக்க முடியாத நீண்ட எண் ஒன்று குக்கீயாகத் திரும்பி வரும். அதன்பின் பயணம் செய்வது அந்த எண் மட்டும்தான்.

இரண்டும் வந்து சேரும் இடம், சர்வரில் கோரிக்கையைக் கவனிக்கும் ஹேண்ட்லர். கவனம் முழுவதும் இங்கேதான் வேண்டும். பேசிக் தலைப்பு வந்திருந்தால் அதை வைத்தே முடிவெடுக்க வேண்டும். அது தவறென்றால், உடன் வந்த குக்கீயைப் பார்த்து உள்ளே விடக் கூடாது. தலைப்பே இல்லாதபோதுதான் குக்கீயின் முறை. எந்த வழியில் வந்தாலும் கிடைக்கும் பயனர் ஒருவரே. எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்ற சோதனையும் ஒன்றே. இரண்டு வழிக்கும் தனித்தனியாக அதை எழுதினால் ஒன்றில் ஓட்டை விழுந்தே தீரும். இரண்டுமே இல்லையென்றால் புரோகிராமுக்கு 401 என்ற மறுப்பு, பிரவுசருக்கு லாகின் பக்கம். குக்கீயைப் பிரவுசர் கேட்காமலே அனுப்பிவிடும் என்பதால், கணக்கைத் திருத்தும் கோரிக்கைகளுக்கு, வேறு தளம் தூண்டிவிடும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் தேவை.

புரோகிராமுக்கு வியாபாரியின் சொந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் தனியாக ஒரு சாவி கொடுப்பதே நல்லது. போன் தொலைந்தால் சர்வரில் அந்தக் குக்கீயின் செஷனை அழித்தால் போதும். கம்ப்யூட்டரை விற்றால் அந்தச் சாவியை மட்டும் ரத்து செய்யலாம்.