பாரத மண்டபம் முதல் வகுப்பறை வரை: செங்கற்பட்டு வட்டாரத்தில் வாய்விட்டு வாசிக்கும் மரபு

மாணவருக்கு ஆசிரியர் வாய்விட்டு வாசித்துக் காட்டுவது இன்று மொழிப்பாடத்தின் ஒரு சிறு பயிற்சி. காஞ்சி முதல் மாமல்லைக் கடற்கரை வரையுள்ள பகுதியில் வாசிப்பு ஒரு காலத்தில் ஊர் மானியம் பெற்ற பணி. அப்பணி வகுப்பறைக்கு வந்து சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சாசனச் சான்று

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். அங்குக் கிடைத்த பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கொடையளித்த ஊரை 25 பங்காக்கி, 20 பங்கை நான்மறை வல்லோர்க்கு வழங்கும் இச்செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றே ஒரு பங்கை ஒதுக்குகிறது. பூசையோடும் திருப்பணியோடும் வாசிப்பையும் நிலையான செலவாக அரசு ஏற்றிருந்தது.

2. பாரதப் பிரசங்கம்

இவ்வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பாரத விழா நடந்து, படுகளத்தோடும் தீமிதியோடும் நிறைவுறும். பிரசங்கத்தில் பாட்டை இசையோடு படிப்பவர் ஒருவர்; சீர் பிரித்துப் பொருள் சொல்பவர் மற்றொருவர். கூரத்து வாசிப்பிலிருந்து இது நேராக வந்தது என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் எழுத்தறியாதாரும் காவியம் அறிய இரண்டும் வழிசெய்தன.

3. ஏடும் அச்சும்

ஏட்டுச்சுவடியில் புள்ளி இல்லை, சொல்லிடைவெளி இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. ‘கொடி’யும் ‘கோடி’யும் ஒரே வடிவில் நின்றன. எது என்பதை இடம் பார்த்துத் தெளிந்த பிறகே வாய் திறக்க முடியும். எனவே பொருளறிவு வாசிப்புக்கு முன்தேவை.

திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முறை வைக்க, மற்ற பிள்ளைகள் உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். மணலில் எழுதும்போதும் வாய் ஓயாது. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இம்மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அவருடைய ‘மதராஸ் முறை’ பின்னர் இங்கிலாந்திலும் பரவியது.

19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோர் அச்சு உரைநடையில் சொல் பிரிப்பையும் நிறுத்தக்குறிகளையும் நிலைநிறுத்தினர். எங்கே நிறுத்துவது என்பதைத் தாளே காட்டியது. பொருளை முன்பே அறியாமல், கண்ணால் எழுத்தைத் தொடர்ந்தாலே படித்துவிடலாம் என்ற நிலை வந்தது. நாளடைவில் வகுப்பில் மாணவன் படிக்க, ஆசிரியர் பிழை திருத்துவது வழக்கமாயிற்று.

4. இன்றைய நிலை

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புகளில் கதைக்கும் பாட்டுக்கும் இடம் தந்தது. ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு படிகளில் சிறுநூல்கள் தந்தது அதே அரசின் ‘வாசிப்பு இயக்கம்’. இவற்றின் நோக்கம் குழந்தை தானே படிப்பது. அதற்கு முன்னோடியாக ஆசிரியரின் வாசிப்பு அமைய வேண்டும்.

முடிவுரை

நல்ல வாசிப்புக்குக் குரல்வளம் மட்டும் போதாது. பாடத்தை முன்கூட்டிப் படித்து, நிறுத்துமிடமும் அழுத்துமிடமும் தேர்ந்து, அருஞ்சொல்லுக்கு விளக்கம் வைத்திருப்பவரே வாசிக்கத் தகுந்தவர். பிரசங்க மேடையில் இருவர் பகிர்ந்த வேலையை வகுப்பில் ஆசிரியர் ஒருவரே செய்கிறார். எனவே ஆசிரியர் பயிற்சியில் இதற்குத் தனிப் பாடமும், பள்ளிக் கால அட்டவணையில் தனி நேரமும் ஒதுக்க வேண்டும்.