கற்பனை ஹாக்கி அணி: நம்பி எடுக்கக்கூடிய ஆட்டக்காரரை அடையாளம் காண்பது எப்படி?

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை பசியாற உட்கார்ந்தால், எங்கள் நண்பர்கள் வட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "இந்த வாரம் யார எடுத்த?" காற்பந்துக்குக் கற்பனை அணி அமைத்துப் பழகிய நாங்கள், பெரிய ஹாக்கிப் போட்டிகள் வரும்போது அதே விளையாட்டைப் புலனக் குழுவில் ஹாக்கிக்கும் நடத்துகிறோம். ஆளுக்கு ஓர் அணி. உண்மையான ஆட்டத்தில் நம் ஆட்டக்காரர்கள் செய்வதற்கு ஏற்ப நமக்குப் புள்ளி.

குழுவில் பெரும்பாலும் முதலிடத்தில் இருப்பவர் எங்களைவிட வயதில் மூத்த அண்ணன் ஒருவர். செபராங் பிறையில் தோட்டத்தில் வளர்ந்து, பள்ளி அணியில் பின்வரிசையில் ஆடியவர். அவர் அணியில் பெரிய பெயர்கள் குறைவு. "கோல் அடிச்சவன மட்டும் பாக்காதீங்கடா. கடைசி வர திடல்ல யாரு நிக்கிறான்னு பாருங்க" என்பார். தொடக்கத்தில் நாங்கள் சிரித்தோம். புள்ளிப் பட்டியல் வந்த பிறகு அவரிடமே பாடம் கேட்க வேண்டியதாயிற்று. அந்தப் பாடத்தையும், நடந்த ஆட்டங்களின் கணக்கையும் சேர்த்து இங்கே தொகுத்துள்ளோம்.

கற்பனை அணி என்றால் என்ன?

உலக அளவில் கற்பனை ஹாக்கி என்றால் பெரும்பாலும் வட அமெரிக்காவின் பனிக்கட்டி ஹாக்கியையே குறிக்கும். நாம் பேசுவது திடல் ஹாக்கியைப் பற்றி. அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான். போட்டி தொடங்கும் முன் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோலுக்கும், கோல் விடாமல் காத்ததற்கும் புள்ளி கூடும். அட்டை வாங்கினால் குறையும். ஒருவரைத் தலைவராக அறிவித்தால் அவர் புள்ளி இரட்டிப்பாகும்.

இதில் நம்பகமானவர் என்று யாரைச் சொல்வது? ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் புகுத்தி அடுத்த மூன்று ஆட்டங்களில் காணாமல் போகிறவர் நம் அணியைக் காப்பாற்ற மாட்டார். ஆட்டத்துக்கு ஆட்டம் ஏதோ ஒரு புள்ளியைக் கொண்டுவருகிறவரே நம்பகமானவர். அவரை அறிய ஐந்து வழிகள் உள்ளன.

1. மொத்தத்தைப் பார்க்காமல் ஆட்டவாரியாகப் பார்க்கவும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல் புகுத்தி, அதிக கோல் அடித்தவர் ஆனார். இந்தியா எட்டு ஆட்டங்களில் அடித்த மொத்தக் கோல்களே 15. அவருடைய கணக்கை ஆட்டவாரியாகப் பிரித்தால் இப்படி வரும்: நியூசிலாந்துக்கு எதிராக 1, அர்ஜென்டினா 1, அயர்லாந்து 2, பெல்ஜியம் 0, ஆஸ்திரேலியா 2, காலிறுதியில் பிரிட்டன் 1, அரையிறுதியில் ஜெர்மனி 1, வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஸ்பெயின் 2. எட்டில் ஏழு ஆட்டங்களில் கோல்!

இப்போது ஓர் ஆட்டக்காரரைக் கற்பனை செய்து கொள்வோம். அவரும் எட்டு ஆட்டங்களில் 10 கோல்தான். ஆனால் ஓர் ஆட்டத்தில் 7, இன்னோர் ஆட்டத்தில் 3, மற்ற ஆறிலும் பூஜ்யம். இருவருக்கும் சராசரி 1.25. சராசரியை மட்டும் பார்க்கிறவருக்கு இருவரும் சமம். கற்பனை அணி வைத்திருப்பவருக்கோ ஒருவர் ஏழு நாள் சோறு போடுகிறார், மற்றவர் இரண்டு நாள் விருந்து வைத்துவிட்டு ஆறு நாள் பட்டினி போடுகிறார்.

ஆகவே ஓர் ஆட்டக்காரரின் கடைசி எட்டு அல்லது பத்து ஆட்டங்களை வரிசையாக எழுதுங்கள். எத்தனை ஆட்டங்களில் புள்ளி கிடைத்தது என்று எண்ணுங்கள். பாதிக்கும் மேல் என்றால் அவரைக் கவனிக்கலாம். முக்கால் பங்குக்கும் மேல் என்றால் தலைவர் பொறுப்பையே கொடுக்கலாம்.

2. எதிரணி யார் என்று பார்க்கவும்

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா முதல் ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானை 16-0 என்று வென்றது. லலித் உபாத்யாய், வருண் குமார் இருவரும் தலா நான்கு கோல். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக அணியை மாற்றியவர்களில் நானும் ஒருவன். ஜப்பானுக்கு எதிரான இறுதியாட்டத்தில் இந்தியா 5-1 என்று வென்றபோது, கோல் அடித்தவர் பட்டியலில் அந்த இருவர் பெயரும் இல்லை. இருவரும் திறமைசாலிகளே. தவறு என் கணக்கில்தான் இருந்தது. வலுவற்ற அணிக்கு எதிராகக் குவிந்த கோலை நான் அவர்களின் வழக்கமான அளவாக எடுத்துக்கொண்டேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. அதே 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய வெற்றியாளர் கிண்ணப் போட்டியின் லீக் சுற்றில், மலேசியா இந்தியாவிடம் 0-5 என்று தோற்றது. அந்த ஆட்டத்தின் முதல் கோலைத் தமிழ்நாட்டின் கார்த்தி செல்வம் புகுத்தினார். அன்றே மலேசிய ஆட்டக்காரர்களை அணியிலிருந்து நீக்கியவர்கள் ஆறே நாளில் வருந்தினார்கள். இறுதியாட்டத்தின் இடைவேளையில் மலேசியா 3-1 என்று முன்னணியில் இருந்தது. கடைசியில் 4-3 என்று இந்தியா தப்பித்துக்கொண்டது. ஒரே எதிரணி, ஒரே திடல், இரண்டு வேறு கதைகள். ஓர் ஆட்டத்தை வைத்து யாரையும் எடுக்கவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்.

கணக்கெடுக்கும்போது மிகப் பெரிய வெற்றிகளைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, சமபல அணிகளுக்கு எதிரான ஆட்டங்களை மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

3. பெனால்டி கார்னர் யார் கையில்?

திடல் ஹாக்கியில் நிலையான புள்ளிக்கு முதல் ஊற்று பெனால்டி கார்னர். திறந்த ஆட்டத்தில் கோல் வருவதற்குப் பந்து பலரைத் தாண்டி வர வேண்டும். கார்னர் கிடைத்தால் பந்து நேராக ஒருவர் மட்டைக்கே வருகிறது. அந்த ஒருவர் யார் என்பது முன்கூட்டியே தெரியும்.

அண்மைய மூன்று பெரிய போட்டிகளைப் பாருங்கள். தோக்கியோ ஒலிம்பிக்கில் அதிக கோல் அடித்தவர் பெல்ஜியத்தின் அலெக்சாண்டர் ஹென்ட்ரிக்ஸ், 14 கோல். 2023 உலகக் கிண்ணத்தில் ஆஸ்திரேலியாவின் ஜெரமி ஹேவர்ட், 9 கோல். பாரிஸில் ஹர்மன்பிரீத், 10 கோல். மூவரும் தற்காப்பு வரிசையில் ஆடுகிறவர்கள். மூவரும் பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து வீசுவதில் வல்லவர்கள். நம் தேசிய அணியில் பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்து வந்தவர் ராஸி ரஹிம். சென்னை இறுதியாட்டத்திலும் அவர் பெயர் கோல் பட்டியலில் இருந்தது.

ஆகவே அணிப் பட்டியல் வந்ததும் மூன்றைக் கேளுங்கள். முதல் கார்னரை அடிப்பவர் யார்? அவர் திடலை விட்டு வெளியே இருக்கும்போது அடிப்பவர் யார்? பெனால்டி ஸ்ட்ரோக் யாருக்கு? மூன்றில் இரண்டுக்கு ஒரே பெயர் வந்தால் அவரைத் தயங்காமல் எடுக்கலாம்.

4. திடலில் எவ்வளவு நேரம் நிற்கிறார்?

ஹாக்கி ஆட்டம் தலா 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். மாற்று ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஓடிக் களைக்கும் தாக்குதல் ஆட்டக்காரர்கள் அடிக்கடி வெளியே வந்து போவார்கள். தற்காப்பின் நடுவில் நிற்பவர்கள் நீண்ட நேரம் உள்ளேயே இருப்பார்கள். அண்ணன் சொன்னதன் பொருள் இதுதான்.

பெரிய போட்டிகளில் ஆட்டங்கள் நெருக்கமாக வரும். பாரிஸில் இந்தியா 13 நாளில் எட்டு ஆட்டங்கள் ஆடியது. அப்படிப்பட்ட நேரத்தில் யாருக்குப் பயிற்றுநர் ஓய்வு கொடுப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அட்டைகளும் இதில் அடங்கும். பச்சை அட்டைக்கு 2 நிமிடம் வெளியே. மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம். சிவப்பு வாங்கினால் அந்த ஆட்டமே முடிந்தது. பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக இந்தியாவின் அமித் ரோஹிதாஸ் இரண்டாவது பகுதியின் தொடக்கத்திலேயே சிவப்பு அட்டை பெற்றார். எஞ்சிய நேரத்தைப் பத்து பேரோடு தாக்குப்பிடித்து, பெனால்டி ஷூட்டவுட்டில் இந்தியா வென்றது. ஆனால் தடை காரணமாக ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் ரோஹிதாஸ் ஆடவில்லை. நம்பகமான தற்காப்பாளர் என்று அவரை எடுத்தவர்களுக்கு ஒரே அட்டையில் இரண்டு ஆட்டங்களின் புள்ளி போயிற்று.

பனிக்கட்டி ஹாக்கியில் இந்தத் தொடர்ச்சிக்குத் தனி மதிப்பே உண்டு. அமெரிக்காவின் பில் கெசல் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 1,064 ஆட்டங்கள் ஆடிச் சாதனை படைத்தார். கனடாவின் வேய்ன் கிரெட்ஸ்கி 1983-84 பருவத்தில் தொடர்ந்து 51 ஆட்டங்களில் கோலோ கோலுக்கு உதவியோ பதிவு செய்தார். முதல் தகுதி திடலில் இருப்பது. மற்றவை அதன் பிறகுதான்.

5. கோல் காவலரை எடுக்கும்போது கவனம்

கற்பனை அணியில் மிகவும் ஏமாற்றும் இடம் இதுதான். 2018 ஜாகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியை மலேசிய ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரையிறுதியில் இந்தியாவுடன் 2-2 என்று சமநிலை கண்டு, ஷூட்டவுட்டில் 7-6 என்று வென்றோம். அன்றைய நாயகன் கோல் காவலர் எஸ். குமார். அடுத்த ஆட்டம் ஜப்பானுக்கு எதிரான இறுதியாட்டம். அது 6-6 என்று முடிந்து, ஷூட்டவுட்டில் தங்கம் கைநழுவியது. அதே காவலர், அதே வாரம், ஓர் ஆட்டத்தில் இரண்டு கோல், இன்னோர் ஆட்டத்தில் ஆறு.

குமாரின் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் காவலரின் புள்ளி அவர் முன்னால் நிற்கும் பத்து பேரையும் பொறுத்தது. எனவே காவலரின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அந்த அணி ஆட்டத்துக்கு எத்தனை கோல் விடுகிறது, எத்தனை பெனால்டி கார்னர் கொடுக்கிறது என்று பாருங்கள். ஷூட்டவுட்டில் தடுத்ததற்குப் புள்ளி உண்டா என்பதையும் உங்கள் குழுவின் விதியில் முதலிலேயே எழுதிவிடுங்கள். எங்கள் குழுவில் வந்த பெரிய சண்டை அதனால்தான்.

நீங்களே நடத்தலாம்

1987இல் தொடங்கிய மலேசிய ஹாக்கி லீக் போட்டிகளுக்கும் இதை நடத்தலாம். தனிச் செயலி தேவையில்லை. ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் அறிக்கையில் கோல் அடித்தவர், நிமிடம், கோலின் வகை, அட்டைகள் ஆகியவை கிடைத்தால் போதும். எங்கள் குழுவின் கணக்கு இது: திடலில் இறங்கினால் 2 புள்ளி, திடல் கோலுக்கு 5, பெனால்டி கார்னர் கோலுக்கு 4, ஸ்ட்ரோக்குக்கு 3. கோல் விடாத ஆட்டத்தில் காவலருக்கும் தற்காப்பாளர்களுக்கும் தலா 4. பச்சை அட்டைக்கு 1, மஞ்சளுக்கு 2, சிவப்புக்கு 4 கழியும்.

கோல் விடாததற்கு 4 புள்ளி என்று வைத்தது அண்ணனின் யோசனை. அதுவரை எங்களில் பலருக்குத் தற்காப்பாளர்களின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. இப்போது குழுவில் உள்ள பள்ளிப் பிள்ளைகளும் ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்து இல்லாத இடத்தில் யார் என்ன செய்கிறார் என்று கவனிக்கிறார்கள். பின்வரிசையில் ஆடும் பையன்களுக்கு அது ஒரு மரியாதை.

பணம் வேண்டாம்

முக்கியமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குழுவில் ஒரு முறை ஆளுக்கு 10 ரிங்கிட் போடலாம் என்று பேச்சு வந்தது. அண்ணன் மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரி. மலேசியாவில் 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டமும் நடப்பில் உள்ளன. நட்புக்காகத் தொடங்கிய விளையாட்டு சட்டச் சிக்கலில் முடியக்கூடாது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்ததும், டிரீம்11 போன்ற பெரிய நிறுவனமே பணப் போட்டிகளை நிறுத்தியது. சின்னத் தொகைதானே என்று தொடங்கிச் சம்பளத்தை இழந்தவர்களை நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பார்த்திருக்கிறோம். "பணம் போட்டால் உறுதியாக வெல்லும் அணி தருகிறோம்" என்று புலனத்தில் வரும் செய்திகளையும் நம்ப வேண்டாம். நம்பகமான ஆட்டக்காரர் உண்டு, உறுதியான வெற்றி கிடையாது.

எங்கள் குழுவில் தோற்றவர் மற்றவர்களுக்குத் தேநீர் வாங்கித் தருவார். அவ்வளவுதான் பந்தயம்.

அணியை அறிவிக்கும் முன் ஒவ்வொரு பெயருக்கும் இந்த ஐந்தைக் கேட்டுப் பாருங்கள்: கடைசி எட்டு ஆட்டங்களில் எத்தனையில் புள்ளி எடுத்தார்? அவை வலுவான அணிகளுக்கு எதிராகவா? பெனால்டி கார்னரில் அவருக்கு என்ன வேலை? காயம், தடை, ஓய்வு ஏதும் உண்டா? அவருடைய அணி எத்தனை கோல் விடுகிறது?

நான்குக்கு நல்ல பதில் வந்தால் எடுங்கள். இரண்டுக்குத்தான் வந்தது என்றால், பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அப்படி விட மனம் வராமல்தான் போன முறை தேநீர்க் காசு நான் கொடுத்தேன்.