இறுதிநிலை நோயாளியின் ஆன்மநலம்: கொங்கு நாட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவமனையில் இறுதி நாள்களைக் கழிக்கும் நோயாளிக்கும் குடும்பத்தார்க்கும் உரிய ஆன்மநலப் பராமரிப்பு, மேலைநாட்டிலிருந்து வந்த புதுக்கருத்தாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. நோயைத் தீர்க்கும் இடமும் சாவை எதிர்கொள்ளும் இடமும் தமிழ் வரலாற்றில் தனித்தனியே வளர்ந்ததையும், அவை இணைந்த தருணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆதுலர் சாலை, நிசீதிகை, நோய் ஆதரவுச் சிகிச்சை, கொங்கு நாடு, பெரியநாயக்கன்பாளையம்.

இருவேறு மரபுகள்

வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு (11ஆம் நூற்றாண்டு) கோயிலைச் சார்ந்த ஆதுலர் சாலை ஒன்றைக் குறிப்பிடுகிறது. 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்கள், இருப்பிலிருந்த மருந்துகள் ஆகியவற்றை அது பட்டியலிடுகிறது. அதன் அக்கறை நோய் தீர்த்தலின் பாற்பட்டது.

சாவை எதிர்கொள்ளும் மரபுக்குச் சமணச் சான்றுகள் உள்ளன. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை உள்ளது. கொங்கு நாட்டு விசயமங்கலத்தில், கங்கர் அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை புலியப்பையின் நிசீதிகை காணப்படுகிறது. துறவறம் சார்ந்த இந்நோன்பை இன்றைய நோயாளியின் நிலையோடு ஒப்பிடுதல் பொருந்தாது. நோயாளி தம் சாவைத் தெரிவு செய்தவரல்லர். எனினும், முடிவை அறிந்திருத்தல், தனித்து விடப்படாமை, சமூகத்தின் நினைவில் நிற்றல் ஆகிய மூன்றும் இறப்போர்க்கு உரியன என்னும் எண்ணத்தை இந்நிசீதிகைகளில் காணலாம்.

மரபுகள் இணைந்த தருணம்

தொண்டைப் புற்றுநோயுற்ற இராமகிருட்டிணர், 1885 டிசம்பர் முதல் 1886 ஆகத்து 16இல் மறையும்வரை காசிப்பூர்த் தோட்ட வீட்டில் இருந்தார். மருத்துவரின் சிகிச்சையும் சீடர்களின் பணிவிடையும் வழிபாடும் அங்கு ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தன. இளந்துறவியர் குழு உருப்பெற்றதும் அந்நோய்ப்படுக்கையைச் சுற்றியே ஆகும். 1897இல் நிறுவப்பட்ட இராமகிருட்டிண இயக்கத்தின் சேவை நெறிக்கு இது ஒரு வேராகும். அந்நெறியைக் கோவைப் பகுதியில் கல்வி வழியாக வேரூன்றச் செய்தவர் தி. சு. அவிநாசிலிங்கம். அவர் 1930இல் தொடங்கிய இராமகிருட்டிண வித்யாலயம் இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் இயங்குகிறது.

மருத்துவத் துறைக்குள் இவ்விணைப்பைக் கோட்பாடாக்கியவர் சிசிலி சாண்டர்சு. உடல், மனம், சமூகம், ஆன்மா ஆகிய நான்கும் கலந்ததே இறப்போரின் ‘முழுவலி’ என்றார். 1967இல் இலண்டனில் புனித கிறித்தோபர் இல்லத்தைத் திறந்தார். 2002இல் உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வரையறையும் ஆன்மத் துயரை உள்ளடக்கியது. குடும்பத்தாரையும் பராமரிப்புக்கு உரியவராக்கியது. இந்தியாவில் 1986இல் மும்பையின் சாந்தி அவேதனா இல்லமும், 1993இல் கோழிக்கோட்டு வலிதணிப்புச் சங்கமும் தோன்றின. கோழிக்கோட்டு முயற்சி அக்கம்பக்கத் தன்னார்வலரின் பணியாகக் கேரளமெங்கும் விரிந்தது.

கொங்குச் சூழலும் இன்றைய இடைவெளியும்

ஒப்பாரி, துக்கம் விசாரித்தல், கருமாதி எனக் கொங்குப் பகுதியின் சடங்குகள் பெரிதும் இறப்புக்குப் பிந்தியவை. துயருற்ற குடும்பத்தை ஊர் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடுகள் அவை. உயிர் பிரியுமுன் உற்றார் கூடி வாயில் பால் ஊற்றுதல், திருமுறை ஓதுதல் போன்றவை வீட்டுச் சாவுக்கு உரியவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இவற்றுக்கு இடம் அரிது. பிள்ளைகள் கதவுக்கு வெளியே காத்திருக்க, உயிர் உள்ளே பிரிகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமற்போன வருத்தம் குடும்பத்தில் எஞ்சுகிறது.

சொல்லாட்சியும் ஒரு தடையாகிறது. ‘ஆன்மிகம்’ என்றவுடன் சமயச் சடங்கே நினைவுக்கு வருவதால், இப்பொறுப்பு பூசகர்க்கோ போதகர்க்கோ உரியதென மருத்துவமனை ஒதுங்கிக்கொள்கிறது. மன்னிப்புக் கேட்டல், கடமை முடித்தல், வாழ்ந்ததன் பொருளை உணர்தல் ஆகியன இறைநம்பிக்கை இல்லார்க்கும் உரிய தேவைகள். ‘ஆன்மநலம்’ என்னும் விரிந்த சொல் இங்குப் பொருந்தும்.

முடிவுரை

2018 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றம் கண்ணியமான இறப்பை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்று, முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்துக்கு இசைவளித்தது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நோய் ஆதரவுச் சிகிச்சையை இல்லங்களுக்குக் கொண்டு சென்றது. சட்டமும் திட்டமும் உள்ள நிலையில், எஞ்சுவது பயிற்சி பெற்ற துணையே. நோயாளியிடம் உண்மையை உரிய காலத்தில் உரைத்தல், இறுதி வேளையில் குடும்பத்தாரை அருகிருக்க விடுதல், கேட்கப் பழகிய தன்னார்வலரை உருவாக்குதல் ஆகியன பெருஞ்செலவு வேண்டாதவை. சேவையைக் கல்வியோடு இணைத்த பெரியநாயக்கன்பாளையம் போன்ற ஊர்கள் இதற்கு ஏற்ற களங்களாகும்.