கோயிலை விட்டு வெளியேறிய மெட்டு: சோல் இசையும் புதுச்சேரிப் பாட்டு மரபும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ரிதம் அண்ட் புளூஸ் பாடல்களில் தலைசிறந்தவை எவை என்று கேட்டால், விற்பனைப் பட்டியலை எடுத்து நீட்டுவதே வழக்கம். அந்தப் பட்டியலை நான் ஏற்கவில்லை. 1942-இல் ஹார்லெம் பகுதியின் பெயரில் அதைத் தொடங்கிய 'பில்போர்டு' இதழ், 1945-இல் இனத்தின் பெயரிட்டது. 1949-இல் தன் செய்தியாளர் ஜெரி வெக்ஸ்லர் தந்த 'ரிதம் அண்ட் புளூஸ்' என்ற பெயருக்கு மாறியது. 1963 நவம்பர் இறுதி முதல் 1965 ஜனவரி வரை பட்டியலே வெளிவரவில்லை. சோல் இசை முழு வீச்சில் எழுந்த காலம் அது. வழிபாட்டில் வளர்ந்த பாட்டு வடிவம் உலகியலுக்குள் இறங்கும்போது எதைத் தன்னோடு எடுத்து வருகிறது, திரும்பிப் போக அதற்கு வழி உண்டா என்பதே பொருத்தமான அளவுகோல் என்பது என் கருத்து. புதுச்சேரியின் பாட்டு வரலாற்றோடு வைத்துப் பார்க்கையில் இது தெளிவாகிறது.

ரே சார்ல்ஸ் 1954-இல் பதிவுசெய்த 'ஐ காட் எ உமன்' ஒரு நற்செய்திப் பாடலின் மெட்டில் எழுந்தது. ஒருவர் பாட, கூட்டம் வாங்கிப் பாடுவது. ஒற்றை அசையைப் பல சுரங்களில் இழுப்பது. கைத்தட்டலைத் தாளத்தின் இரண்டாம், நான்காம் அடிகளில் போடுவது: எல்லாம் தேவாலயத்தின் சொத்து. பக்தர்கள் இதைப் பழித்தார்கள். 'சோல் ஸ்டிரர்ஸ்' குழுவில் இறைப்பாடல் பாடிப் புகழ்பெற்றிருந்த சாம் குக், காதல் பாட்டுக்கு மாறிய முதல் இசைத்தட்டில் டேல் குக் என்று பெயரை மறைத்துக்கொண்டார். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகர விடுதியொன்றில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் அவர் பதிவுசெய்த 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்', அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அந்த டிசம்பரில் 'ஷேக்' என்ற ஆட்டப் பாட்டின் மறுபக்கமாகத் தனித்தட்டில் வந்தது. இன்று உரிமைப் போராட்டக் காலத்தின் மகத்தான பாடலாகப் போற்றப்படுவது அந்த மறுபக்கம்தான்.

'ரெஸ்பெக்ட்' பாடலை ஓட்டிஸ் ரெடிங் 1965-இல் எழுதிப் பாடியபோது, வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் மனைவியிடம் மரியாதை கேட்டான். 1967 பிப்ரவரி 14 அன்று, வெக்ஸ்லரின் தயாரிப்பில் அரீதா ஃபிராங்க்ளின் அதைப் பாடியபோது கேட்பவள் பெண்ணானாள். பின்பாட்டில் அவர் சகோதரிகள் எர்மாவும் கரோலினும் இருந்தார்கள். பாடகியின் ஒவ்வொரு அடியையும் அவர்கள் வாங்கி உறுதிசெய்யும் முறையில் ஒரு சபையே சாட்சி சொல்கிறது. தனியொருத்தியின் கோரிக்கை ஒரு மக்கள்திரளின் கோரிக்கையானது அந்த முறையால்தான்.

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி செய்ததும் இத்தகைய இடமாற்றமே. முருகன் காவடியோடு மலையேறிய சிந்து அவரிடம் தேசத்தைப் பாடியது. 1912-இல் முதற்பாகம் வெளியான 'பாஞ்சாலி சபத'த்தில் பொதுமக்கள் விரும்பும் மெட்டை வேண்டுமென்றே தேர்ந்ததை முன்னுரையிலேயே சொல்கிறார். ஆனால் 'கண்ணன் பாட்டு' எழுதியவரும் அவரே. உலகுக்கு வந்த பாதையில் அவர் இறைவனிடமும் தடையின்றித் திரும்பினார்.

பாரதிதாசன் அப்படித் திரும்பவில்லை. புதுச்சேரியில் 1891-இல் பிறந்து, பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்த, சுப்புரத்தினம் என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1926-இல் 'மயிலம் சுப்பிரமணியர் துதியமுது' வெளியிட்டார். 1930-இல் வந்தது 'தாழ்த்தப்பட்டோர் சமத்துவப் பாட்டு'. இடையில் நான்கே ஆண்டுகள். சிந்தையும் கும்மியையும் கண்ணியையும் அவர் விடவில்லை, தெய்வத்தை விட்டார்.

ஏன் இந்த வேறுபாடு? தனிமனித மனமாற்றம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. அரீதாவின் தந்தை சி. எல். ஃபிராங்க்ளின் டெட்ராய்ட்டில் பாப்டிஸ்ட் போதகர். 1963 ஜூனில் அந்நகரில் நடந்த விடுதலைப் பேரணியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். அந்தப் பிரசங்க மேடை ஒடுக்கப்பட்டோரின் சொந்த மேடை. அதனால்தான் 1972 ஜனவரியில் அரீதா லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தேவாலயம் ஒன்றுக்கே சென்று 'அமேசிங் கிரேஸ்' தொகுப்பைப் பாட முடிந்தது. இங்கோ, 1930-இல் சமத்துவம் பாடியவர் எந்த வாசலுக்குத் திரும்புவார்? யாருக்காகப் பாடினாரோ அவர்களுக்குப் பெருங்கோயில்களின் கதவு அடைத்திருந்தது. மதுரை மீனாட்சி கோயிலில் ஆலய நுழைவு நடந்ததே 1939-இல். சென்னை மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947-இல். பாரதிதாசனின் கடவுள் மறுப்பை மேற்கத்தியப் பகுத்தறிவின் இறக்குமதியாக மட்டும் பார்ப்போர் இந்த அடைத்த கதவைக் கணக்கில் கொள்வதில்லை.

சோல் இசைத்தட்டுச் சந்தைக்கான சரக்கு, புதுச்சேரிப் பாட்டோ அச்சுக் கவிதை, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். பாரதிதாசனும் சந்தையில் ஒலித்தவர்தான். அவர் பாடலொன்று 1951-இல் 'ஓர் இரவு' படத்தில் தேஷ் ராகத்தில் வீடுதோறும் சென்றது. அவர் மறைந்த மறு ஆண்டில், 'கலங்கரை விளக்கம்' படத்துக்காக எம். எஸ். விசுவநாதன் இசையில் சீர்காழி கோவிந்தராஜனும் பி. சுசீலாவும் 'சங்கே முழங்கு' பாடினார்கள். அரீதாவுக்குத் தேவாலயம் தந்த பதில்குரலை, கோயிலுக்குத் திரும்பாத இந்தப் பாட்டுக்குத் திரையரங்கமும் இயக்க மேடையும் தந்தன.