கூப்பன்: ஒரு சொல், இரண்டு வாழ்க்கை

உங்கட வீட்டில எழுபது வயசைத் தாண்டின ஒருவரிட்ட "கூப்பன்" எண்டு சொல்லிப் பாருங்கோ. அவருக்கு ஞாபகம் வாறது அரிசி, மா, சீனி, சங்கக்கடை வாசலில நிண்ட வரிசை. அதே சொல்லை இருபது வயசுக்காரரிட்ட சொன்னால், ஒன்லைனில சாமான் வாங்கி முடிக்கேக்க கடைசிப் பக்கத்தில வாற ஒரு சின்ன வெற்றுப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அதுக்குள்ள நாலு எழுத்தும் இரண்டு இலக்கமும் அடிச்சால் விலை குறையும்.

இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் பாவிக்கினம். ஆனால் இரண்டு கூப்பனும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு யோசனைகளில் இருந்து வந்தவை. அந்த இரண்டு வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், இண்டைக்கு அந்த வெற்றுப் பெட்டி எங்களிட்ட உண்மையில் என்ன கேட்கிறது எண்டு விளங்கும்.

வெட்டி எடுக்கிற துண்டு

கூப்பன் ஒரு பிரெஞ்சுச் சொல். வெட்டுதல் எண்டு பொருள்படும் வினையில் இருந்து பிறந்தது. ஆரம்பத்தில் இதுக்கும் கடைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஐரோப்பாவில் அரசாங்கங்களும் கம்பனிகளும் கடன் பத்திரம் வெளியிடும்போது அதன் ஓரத்தில் சின்னச் சின்னத் துண்டுகளை அச்சடித்திருப்பார்கள். வட்டி வாங்கும் நாள் வந்தால் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்கலாம். இண்டைக்கும் கடன் பத்திரத்தின் வட்டியைக் கூப்பன் எண்டுதான் நிதித்துறையில் சொல்லுகினம்.

பணக்காரரின் கையில் இருந்த இந்தத் துண்டு சாதாரண சனத்தின் கைக்கு வந்தது அமெரிக்காவில். 1886இல் அட்லாண்டா நகரில் கொக்கா கோலா விற்பனைக்கு வந்தது. ஒரு கிளாஸ் 5 சதம். யாருக்கும் தெரியாத ஒரு பானத்தை 5 சதம் கொடுத்து ஆர் குடிக்கிறது? அதனால் அந்தத் தசாப்தத்தின் கடைசியில், ஒரு கிளாஸ் இலவசம் எண்டு அச்சடித்த சின்னச் சீட்டுகளைத் தபாலிலும் நேரிலும் கொடுக்கத் தொடங்கினார்கள். சீட்டைக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார், கம்பனி அவருக்கு அந்தக் காசைக் கொடுத்துவிடும். 1894க்கும் 1913க்கும் இடையில் ஏறக்குறைய 8.5 மில்லியன் கிளாஸ் இப்படி இலவசமாகப் போனதெண்டும், அமெரிக்கர்களில் ஒன்பது பேருக்கு ஒருவர் அதைக் குடித்திருப்பார் எண்டும் ஒரு மதிப்பீடு இருக்கு.

இங்கயே ஒரு விஷயத்தைக் கவனியுங்கோ. சீட்டைத் தபாலில் அனுப்ப வேணுமெண்டால் பெயரும் முகவரியும் வேணும். கூப்பனும் வாடிக்கையாளரின் விபரமும் பிறந்த நாளில் இருந்தே ஒன்றாகத்தான் நடக்கின்றன.

1896இல் ஸ்பெரி அன்ட் ஹட்சின்சன் எண்ட கம்பனி பச்சை முத்திரைகளைக் கொண்டுவந்தது. கடையில் செலவழிக்கிற காசுக்கு ஏற்ப முத்திரை தருவார்கள். அதை நக்கி ஒரு புத்தகத்தில் ஒட்டி, புத்தகம் நிரம்பினதும் கொடுத்து ஒரு விளக்கோ பாத்திரமோ வாங்கலாம். 1960களில் அமெரிக்க வீடுகளில் இந்தப் புத்தகம் இல்லாத குசினி குறைவு. இப்ப நாங்கள் சேர்க்கிற "பொயின்ற்ஸ்" எல்லாத்துக்கும் பாட்டன் அந்தப் பச்சை முத்திரைதான்.

பொறுமைக்கு ஒரு விலை

1930களின் பெருமந்தத்தில் வேலையும் காசும் இல்லாத குடும்பங்கள் பத்திரிகையில் வாற கூப்பனை வெட்டிச் சேர்க்கத் தொடங்கின. அது ஒரு வீட்டு வேலையாகவே மாறியது. அந்த வேலையைச் செய்தது பெரும்பாலும் பெண்கள்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கு. கம்பனிக்குக் குறைந்த விலையில் விற்க விருப்பமெண்டால் நேரடியாக விலையைக் குறைக்கலாமே. ஏன் அச்சடித்து, வெட்டச் சொல்லி, கொண்டுவரச் சொல்லி, எண்ணி, கடைக்காரருக்குக் காசு திருப்பிக் கொடுத்து இவ்வளவு பாடு?

பதில் இதுதான். 100 ரூபாய்ச் சவர்க்காரம் ஒண்டை எடுங்கோ. சிலர் 100 கொடுத்தும் வாங்குவினம். சிலர் 80 எண்டால்தான் வாங்குவினம். எல்லாருக்கும் 80 எண்டு போட்டால், 100 கொடுக்கத் தயாராக இருந்தவரிடமும் 20 ரூபாய் போய்விடும். எல்லாருக்கும் 100 எண்டு போட்டால், மற்றவர் வாங்கவே மாட்டார். ஆர் எந்த ஆள் எண்டு கடைக்காரருக்கு முகத்தைப் பார்த்துத் தெரியாது. கூப்பன் அந்த வேலையைச் செய்யுது. 20 ரூபாய்க்காக நேரம் செலவழித்து, வெட்டி, மறக்காமல் கொண்டுவாறவர் தன்னைத் தானே காட்டிக் கொடுக்கிறார். மற்றவர் முழு விலை கொடுத்துவிட்டுப் போகிறார். 1984இல் சக்ரவர்த்தி நரசிம்மன் எண்ட ஆய்வாளர் இதை ஒரு பொருளியல் கோட்பாடாகவே எழுதினார்.

ஆகவே கூப்பன் வெட்டுவதில் இருக்கிற சிரமம் தற்செயலானதில்லை. அந்தச் சிரமம்தான் சல்லடை. எல்லாருக்கும் சுலபமாகக் கிடைத்தால் கூப்பனுக்கு வேலை இல்லை.

இதோட இன்னொரு விஷயமும் சேருது: மனம். 2012இல் ஜேசி பென்னி எண்ட அமெரிக்கக் கடைத்தொகுதி, கூப்பனும் மலிவு விற்பனையும் இனி இல்லை, ஒவ்வொரு நாளும் ஒரே நியாயமான விலை எண்டு அறிவித்தது. அப்பிள் கடைகளை வளர்த்த ரொன் ஜோன்சன்தான் அப்ப அதன் தலைவர். கணக்கில் பார்த்தால் வாடிக்கையாளருக்குப் பெரிய நட்டம் ஒண்டும் இல்லை. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் விற்பனை ஏறக்குறைய கால்வாசி விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியில் இருந்து போனார், கூப்பன்கள் திரும்பி வந்தன. சனத்துக்குக் குறைந்த விலை மட்டும் போதாது, தான் உழைத்துக் குறைத்த விலை எண்ட உணர்வும் வேண்டியிருந்தது.

எங்கட கூப்பன்

இப்ப கடலைக் கடந்து இங்க வருவம். 1942இல் யப்பான் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நிண்டுபோனது. இறக்குமதி அரிசியில் வாழ்ந்த தீவு இது. அரசாங்கம் பங்கீட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் கூப்பன், கிழமைக்கு இவ்வளவு எண்ட அளவு. அந்தச் சாமானைக் கொடுக்க ஊர் ஊராகக் கூட்டுறவுச் சங்கக் கடைகள் பெருகின.

இந்தக் கூப்பனில் சல்லடை இல்லை. கெட்டிக்காரருக்கு ஒரு விலை, சோம்பேறிக்கு ஒரு விலை எண்டு இல்லை. கையில் கூப்பன் இருந்தால் உனக்குரிய பங்கு உனக்கு. அதனால்தான் சனம் அதைச் சலுகையாகப் பார்க்கவில்லை, உரிமையாகப் பார்த்தது. 1953இல் அரசாங்கம் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்த்தினபோது நாடு பொறுக்கவில்லை. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நிண்ட பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டி வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் இறந்தனர். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். உலகத்தில் எந்த விலைக்கழிவுக் கூப்பனுக்காகவும் ஒரு பிரதமர் பதவி விலகினதில்லை.

பிறகு அது மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1966இல் இரண்டு கொத்து ஒரு கொத்தானது, அந்த ஒரு கொத்து இலவசமானது. 1978இல் மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் எண்டு ஆனது. 1979இல் அரிசிப் பங்கீடே போய், ரூபாய்ப் பெறுமதி அச்சடித்த உணவு முத்திரை வந்தது. விலைவாசி ஏற ஏற, அந்த முத்திரையால் வாங்கக் கூடிய அரிசி குறைந்துகொண்டே போனது. அளவில் கொடுத்த உரிமைக்கும் காசில் கொடுத்த உதவிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

2022 யூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது, பங்கீட்டுக் கூப்பன் எங்கட கைத்தொலைபேசிக்குள் திரும்ப வந்தது. பெயர் மட்டும் மாறியிருந்தது.

வெற்றுப் பெட்டி

ஒன்லைன் கூப்பனின் கதைக்கு 1994 ஒரு முக்கியமான வருஷம். அந்த வருஷம் நெற்ஸ்கேப் கம்பனியில் வேலை செய்த லூ மொன்ருல்லி "குக்கி"யை உருவாக்கினார். வாடிக்கையாளர் எந்தச் சாமானைக் கூடைக்குள் போட்டார் எண்டதை இணையத்தளம் ஞாபகம் வைத்திருக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதே ஞாபகம்தான் பிறகு ஆளைப் பின்தொடரவும் பயன்பட்டது. 1996இல் அமேசன் இணைப்புக் கொமிசன் திட்டத்தைத் தொடங்கியது. உங்கட பக்கத்தில் இருக்கிற இணைப்பை அழுத்தி ஒருவர் வந்து வாங்கினால் உங்களுக்குப் பங்கு. ஆர் அனுப்பின ஆள் இவர் எண்டதைக் காட்டுவது அந்தக் குக்கி.

கடைகள் கட்டணப் பக்கத்தில் குறியீட்டுப் பெட்டியை வைத்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. அதுவரைக்கும் விலையில் குறை காணாத ஆள், பெட்டியைக் கண்டதும் "அப்ப வேற ஆருக்கோ குறைச்சுக் குடுக்கினம்" எண்டு யோசித்தார். 2003இல் ரிச்சர்ட் ஒலிவர், மிக்கேல் ஷோர் எண்ட இருவர் செய்த ஆய்வும் இதைத்தான் காட்டியது: குறியீடு கேட்கப்பட்டு, கையில் அது இல்லாதவர் விலையை நியாயமில்லை எண்டு உணருகிறார், வாங்காமல் போகவும் கூடும். அவர் குறியீட்டைத் தேடி வெளியில் போவார். அந்தத் தேடலை வைத்தே ஒரு தொழில் வளர்ந்தது. 2006இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கின ரீட்டெயில்மீநொட் அப்படியான ஒண்டு.

2008இல் சிக்காகோவில் குரூப்பொன் வந்தது. பாதி விலைக்குக் கூப்பன், அந்தப் பாதியிலும் ஏறக்குறைய பாதி குரூப்பொனுக்கு. சின்னச் சாப்பாட்டுக் கடைக்குக் கால்வாசிதான் மிஞ்சும். 2010இல் கூகிள் கேட்ட ஏறக்குறைய 6 பில்லியன் டொலரை மறுத்து, 2011 நவம்பரில் 20 டொலருக்குப் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு வருஷத்தில் அந்தப் பங்கு 3 டொலருக்கும் கீழே போனது. மலிவுக்கு வந்த ஆட்கள் மலிவோட போய்விட்டினம்.

பிறகு தேடுற வேலையையும் மெசினே எடுத்துக்கொண்டது. 2012இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கின ஹனி, உலாவியில் இருந்துகொண்டு கூப்பன் குறியீடுகளைத் தானே போட்டுப் பார்க்கும். இலவசம். அந்த இலவசத்தைப் பேபால் 2019இல் ஏறக்குறைய 4 பில்லியன் டொலருக்கு வாங்க உடன்பட்டது. 2024 டிசம்பரில் ஒரு யூடியூப் காணொளி கேள்வி எழுப்பியது: பொருளைப் பரிந்துரைத்தவருக்குப் போகவேண்டிய கொமிசனை, கடைசி நிமிஷத்தில் குக்கியை மாற்றி ஹனி எடுக்கிறதா? கடை விரும்பாத நல்ல குறியீடுகளை மறைக்கிறதா? வழக்குகள் தொடரப்பட்டன. தொழிலில் உள்ள விதிகளின்படியே நடக்கிறோம் எண்டு பேபால் சொன்னது. 2025 மார்ச்சில் கூகிள், பாவனையாளருக்கு நன்மை ஒண்டும் தராமல் கொமிசன் இணைப்பைச் செருகுவதைக் குரோம் நீட்சிகளுக்குத் தடை செய்தது.

அப்ப நாங்கள் என்ன செய்யிறது?

கூப்பனைப் பாவிக்காதீங்கோ எண்டு சொல்ல இதை எழுதவில்லை. சம்பளம் நிக்கிற இடத்தில நிக்க, விலை மட்டும் ஏறுற நாட்டில் 300 ரூபாய் மிச்சமும் மிச்சம்தான். ஆனால் கணக்கைத் தெரிந்து பாவிக்க வேணும்.

வாங்கப் போற சாமானுக்கு எவ்வளவு கொடுக்கலாம் எண்டதைக் கடைக்குள் போக முதல் முடிவெடுங்கோ. "பழைய விலை" எண்டு வெட்டிப் போட்டிருக்கிற இலக்கத்தை நம்பாதீங்கோ. உண்மையான விலை தெரிய வேணுமெண்டால் பெரிய விற்பனை நாளுக்கு ஒரு மாதம் முதலே எழுதி வையுங்கோ. 5,000க்கு மேல வாங்கினால் 500 கழிவு எண்டால், 3,800 ரூபாய்ச் சாமான் தேவைப்பட்டவர் 4,500 கொடுக்கிறார், 700 கூடச் செலவு. விநியோகக் கட்டணத்தையும் கூட்டின பிறகுதான் விலை விலையாகும். கூப்பன் தேடித் தாற இலவச நீட்சி ஒண்டைப் பூட்டினால், அது எந்தெந்தப் பக்கங்களைப் பார்க்க அனுமதி கேட்கிறது எண்டு ஒருக்கா வாசியுங்கோ.

முந்தி, கூப்பன் வெட்டுறவர் கொடுத்த விலை நேரம். இப்ப நேரமும் தேவையில்லை, குறியீடு தானா வருது. அதுக்குப் பதிலா எங்களைப் பற்றின விபரம் போகுது: எதைப் பார்த்தோம், எதை விட்டோம், எவ்வளவு குறைத்தால் வாங்கினோம். அடுத்த முறை எங்களுக்குக் காட்டப் போற விலையை அந்த விபரமே தீர்மானிக்கலாம். சங்கக்கடைக் கூப்பனில் என்ன கிடைக்கும் எண்டு வாங்கிறவருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். விலை கூடினபோது சேர்ந்து வீதிக்கு இறங்க முடிந்தது அதனால்தான். இண்டைக்கு என்ர திரையில் வாற விலை உங்கட திரையில் வராமல் இருக்கலாம். ஒருவருக்கொருவர் தெரியாத விலையைப் பற்றி ஆரோட சேர்ந்து கேள்வி கேட்கிறது?