அங்க அடையாளங்கள்

என் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று இரண்டு மச்சங்கள் எழுதியிருக்கும். எங்களை வரிசையில் நிற்கவைத்து, "எங்கடா மச்சம், சீக்கிரம் காட்டு" என்று வாத்தியார் அதட்டி எழுதிக்கொண்டவை. அதில் ஒன்றை இப்போது தேடினால் கிடைக்கவில்லை. அன்றைக்கு அது பேனா மையாக இருந்திருக்கலாம். ஆனாலும் காகிதத்தில் ஏறிவிட்டது, இனி அது என் மச்சம்தான்.

பாஸ்போர்ட் புதுப்பிக்க சான்றிதழ்களை எடுத்து வைத்த ஒரு ராத்திரி, போட்டோ இல்லாத காலத்தில் பாஸ்போர்ட் எப்படி இருந்திருக்கும் என்று தேடப்போனேன். ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, ஜப்பான் வெளியுறவு அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ஒரு தாளில் வந்து நின்றேன். 1866-ஆம் ஆண்டின் இறுதியில் கொடுக்கப்பட்டது. ஜப்பானில் வழங்கப்பட்ட முதல் பாஸ்போர்ட். அதில் படம் கிடையாது. உயரம் எப்படி, கண் எப்படி, மூக்கு எப்படி, வாய் எப்படி, முகவாகு எப்படி என்று வார்த்தையில் எழுதியிருக்கிறார்கள். எங்க வாத்தியார் செய்த அதே வேலை.

அந்தத் தாள் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பெரிய தூதருக்கோ, செல்வாக்கான வியாபாரிக்கோ இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அது சுமிதகாவா நமிகோரோ என்கிற வித்தைக்காரருக்குப் போயிருக்கிறது. விசிறியால் வீசியே காகிதப் பட்டாம்பூச்சியை உயிருள்ளதுபோலப் பறக்கவைக்கிறவர்.

இது எவ்வளவு விசித்திரம் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1635-இல் ஷோகுன் அரசு ஒரு ஆணை போட்டது. ஜப்பானியர் யாரும் வெளிநாடு போகக் கூடாது, போனவர் திரும்பி வந்தால் மரண தண்டனை. இருநூறு வருஷத்துக்கு மேல் இதுதான் நிலைமை. 1854-இல் யோஷிதா ஷோயின் என்ற இளம் அறிஞர், அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பலில் ராத்திரியோடு ராத்திரியாக ஏறிக்கொண்டு, கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினார். அவர்கள் கரைக்கே திருப்பி அனுப்பினார்கள், சிறைக்குப் போனார். 1863-இல் சோஷூ பகுதியிலிருந்து ஐந்து இளைஞர்கள் திருட்டுத்தனமாகக் கப்பலேறி லண்டன் போனார்கள். அதில் ஒருவரான இட்டோ ஹிரோபூமி பிற்பாடு ஜப்பானின் முதல் பிரதமரானார். நடுவே 1860-இலும் 1862-இலும் அரசே தூதுக்குழுக்களை அனுப்பியது உண்மை. ஆனால் அவர்கள் அதிகாரிகள், வாள் கட்டியவர்கள், அரசு வேலையாகப் போனவர்கள்.

1866-இல் சட்டம் தளர்ந்தது. படிக்கவும் வியாபாரத்துக்கும் சாதாரண மக்கள் போகலாம் என்றார்கள். கதவைத் திறந்ததும் பாஸ்போர்ட்டோடு முதலில் வெளியே வந்தவர்கள் பம்பரம் விடுகிறவர்களும் கயிற்றில் நடக்கிறவர்களும்.

அன்றைய ஜப்பானில் இவர்களுக்கு என்ன மரியாதை? சாமுராய், விவசாயி, கைவினைஞர், வணிகர் என்று அடுக்கிய சமூகத்தில் கூத்தாடிகளுக்குத் தனிப் படியே கிடையாது. 'கவாராமோனோ' என்று ஒரு வசைச்சொல் இருந்தது. ஆற்றுப் படுகை ஆட்கள் என்று அர்த்தம். வரி இல்லாத, யாருக்கும் வேண்டாத ஆற்று மணலில் கொட்டகை போட்டுப் பிழைத்தவர்கள் என்பதால் வந்த பெயர். எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) ரியோகோகு பாலத்தடியிலும் அசகுசா கோயிலைச் சுற்றியும் இவர்களுடைய கொட்டகைகள் இருந்தன. வித்தை குடும்பச் சொத்து. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், மகன் இல்லாவிட்டால் தத்தெடுத்த சீடனுக்குப் போகும். பெயரும் அப்படியே. மட்சுய் கென்சுய் என்ற பெயரைப் பல தலைமுறைகளாக ஒருவர் மாற்றி ஒருவர் சுமந்தார்கள். அவர்கள் அசகுசாவில் பம்பரம் விட்டுக் கூட்டம் சேர்ப்பார்கள், கூட்டம் சேர்ந்ததும் மருந்தும் பல்பொடியும் விற்பார்கள். நம்ம ஊர்ச் சந்தையில் பார்த்த காட்சிதான்.

இவர்களைக் கடல் தாண்டிக் கூட்டிப்போனவர் ரிச்சர்ட் ரிஸ்லி கார்லைல் என்ற அமெரிக்கர். 'புரொஃபசர் ரிஸ்லி' என்று தானே பட்டம் போட்டுக்கொண்டவர். எந்தக் கல்லூரியிலும் பாடம் எடுத்தவர் இல்லை, அவரும் வித்தைக்காரர்தான். 1840-களில் தன் இரண்டு சின்ன மகன்களோடு ஐரோப்பாவைக் கலக்கினார். மல்லாந்து படுத்துக்கொண்டு, பையன்களைக் கால்களால் தூக்கிப்போட்டுச் சுழற்றிப் பிடிப்பார். பையன்கள் வளர்ந்துவிட்டால் அந்த வித்தை என்னாகும்? ஊர் ஊராகச் சுற்றி, 1864-இல் ஒரு சிறு சர்க்கஸோடு யோகோஹாமாவில் வந்திறங்கினார். சர்க்கஸ் ஓடவில்லை. ஐஸ் விற்றார், கலிஃபோர்னியாவிலிருந்து மாடுகளை வரவழைத்துப் பால் வியாபாரம் பண்ணினார். அப்போதுதான், தான் ஒரு காலத்தில் செய்ததைத் தன்னைவிட நன்றாகச் செய்கிற குடும்பங்கள் இந்த ஊரில் இருப்பதைக் கவனித்தார்.

1866 டிசம்பரில் பதினெட்டுப் பேர் யோகோஹாமாவில் கப்பலேறினார்கள். மூன்று குடும்பங்கள். பட்டாம்பூச்சி வித்தை சுமிதகாவா குடும்பம், பம்பரம் விடும் மட்சுய் கிகுஜிரோவின் குடும்பம், கால் வித்தை செய்யும் ஹமாஇகாரி சதாகிச்சியின் குடும்பம். ஷமிசென் வாசிக்கப் பெண்கள், மேலே ஏறக் குழந்தைகள். எல்லாரையும் மேய்க்க தகானோ ஹிரோஹச்சி என்கிற ஃபுகுஷிமாக்காரர். ரிஸ்லி இதற்கு வைத்த பெயர் 'இம்பீரியல் ஜப்பானிஸ் ட்ரூப்'. பேரரசருக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆற்றுப் படுகை ஆட்கள், ஒரே கடல் பயணத்தில் அரசவைக் கலைஞர்கள் ஆகிவிட்டார்கள். போஸ்டர் செய்த வித்தை அது.

அவர்கள் செய்த வித்தையைச் சொல்கிறேன். பம்பரம் வாளின் கூர்முனை மீது ஊர்ந்து போகும். விரித்த விசிறியின் ஓரத்தில் ஓடும். சதாகிச்சி மல்லாந்து படுத்து, உள்ளங்காலில் மரத்தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார், அல்லது ஓர் ஏணியை நிறுத்துவார். அந்த உச்சிக்கு ஒரு பையன் ஏறுவான். கீழே வலையெல்லாம் கிடையாது. உச்சியில் போய் ஒரு காலைத் தூக்கிக் கையை விரித்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்துவான்: "ஆல் ரைட்!"

கொட்டகை அதிரும். பையனுக்கு அதுவே பெயராகிவிட்டது. லிட்டில் ஆல் ரைட். உண்மையான பெயர் உமேகிச்சி. 'உமே' என்றால் ப்ளம் பூ, 'கிச்சி' என்றால் நல்ல அதிர்ஷ்டம். வயசு பத்துப் பன்னிரண்டு இருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்து நியூயார்க் வரை அவனைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது.

இங்கேதான் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. "ஆல் ரைட்" என்றால் என்ன? "எனக்கு ஒண்ணும் ஆகலை" என்று அர்த்தம். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு குழந்தை உயரத்தில் நின்று, முகம் தெரியாத ஆயிரம் பேரிடம், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கத்திச் சொல்லவேண்டியிருந்தது. அதற்குத்தான் காசு. உலகம் அந்த ஒரு வாக்கியத்தையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டு, உமேகிச்சியை மறந்துபோனது.

1867-இல் வாஷிங்டனில் இவர்கள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனைச் சந்தித்தார்கள். அவர் வெள்ளை மாளிகையில் கை குலுக்கி வரவேற்றார். சொந்த ஊரில் ஒரு பிரபு தெருவில் போனாலே மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைக்கவேண்டியவர்கள் இவர்கள். அந்தக் கை குலுக்கல் அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்! அமெரிக்கப் பத்திரிகைகள் இவர்களுடைய உடையைப் பற்றி எழுதின, உடம்பு வளைவதைப் பற்றி எழுதின. மனசைப் பற்றி எழுத ஒரே ஆள்தான் இருந்தார், ஹிரோஹச்சி. அவர் நாட்குறிப்பு வைத்திருந்தார். படித்த அறிஞரின் எழுத்து இல்லை. எந்த ஊரில் என்ன பார்த்தோம், எவ்வளவு செலவு, எந்த ராத்திரி எந்த வேசி வீட்டுக்குப் போனேன் என்பதுவரை மறைக்காமல் எழுதிவைத்தார். அரசுத் தூதர்களும் பயணக் குறிப்புகள் எழுதினார்கள்தான், ஆனால் தன்னைப் பற்றி இப்படிப் போட்டு உடைக்க ஒரு தூதரால் முடியாது.

பிறகு பாரிஸ். 1867-இல் அங்கே உலகக் கண்காட்சி. ஷோகுனின் தம்பி தொகுகாவா அகிதாகே ஜப்பான் தூதுக்குழுவின் தலைவராக வந்திருந்தார். தலைவர் என்றால் பெரிய ஆள் என்று நினைக்காதீர்கள், பதின்மூன்று வயசுப் பையன். சட்சுமா பகுதியினர் தனி நாடுபோலத் தனியாகக் கடை விரித்து, ஷோகுன் ஆட்களை எரிச்சல்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதே கோடையில், அதே நகரத்தில், உமேகிச்சியும் இருந்தான். ஏறக்குறைய ஒரே வயசில் இரண்டு ஜப்பானியப் பையன்கள். ஒருவன் ஒரு அரசின் மானத்தைத் தலையில் சுமந்துகொண்டு, அசையாமல் உட்காரப் பழகியவன். இன்னொருவன் தன் உடம்பின் எடையை ஒற்றைக் காலில் சுமந்துகொண்டு, ஆடாமல் நிற்கப் பழகியவன். பாரிஸ்காரர்கள் இரண்டு பேரையும்தான் வேடிக்கை பார்த்தார்கள்.

சரித்திரம் இதற்குமேல் ஒரு குட்டிக்கரணம் போட்டது. குழு ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே 1867 நவம்பரில் ஷோகுன் அதிகாரத்தைத் துறந்தார். 1868-இல் பேரரசர் பெயரில் புது அரசு அமைந்தது, உள்நாட்டுப் போர் நடந்தது, எடோவின் பெயர் டோக்கியோ ஆனது. ஸ்பெயினுக்குப் போனால் அங்கேயும் அதே 1868-இல் புரட்சி வந்து ராணி இசபெல்லா நாட்டைவிட்டு ஓடினார். யோசித்துப் பாருங்கள். இவர்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திய அரசாங்கமே உலகத்தில் இல்லை. இருநூறு வருஷம் கழித்து முதல்முறையாக ஒரு சாதாரண ஆளுக்குக் கிடைத்த சீட்டு, அவர் அந்நிய ஊரில் இருக்கும்போதே பழைய காகிதமாகிவிட்டது. மறுநாள் என்ன செய்தார்கள்? கொட்டகைக்குப் போய்ப் பம்பரம் விட்டார்கள். கயிறும் ஏணியும் எந்த அரசாங்கம் மாறினாலும் அதே கயிறு, அதே ஏணிதானே.

1869-இல் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள், ஹிரோஹச்சியும் அவர்களில் ஒருவர். சதாகிச்சியும் உமேகிச்சியும் ரிஸ்லியோடு இன்னும் சுற்றத் தங்கிவிட்டார்கள். ஹமாஇகாரி என்ற குடும்பப் பெயருக்குக் 'கரை நங்கூரம்' என்று பொருள். மூன்று குடும்பங்களில் நங்கூரம் என்று பெயர் வைத்திருந்தவர்கள்தான் கரைக்குத் திரும்பாமல் போனார்கள். சுமிதகாவா, எடோவில் ஓடும் ஆற்றின் பெயர். நமிகோரோவில் வரும் 'நமி' என்றால் அலை. இதையெல்லாம் நான் கதைக்காகச் சேர்க்கவில்லை, பெயர்களே அப்படி.

இவர்கள் மட்டும் இல்லை. இவர்கள் கிளம்பிய அதே நாட்களில் மட்சுய் கென்சுய் பெயரைத் தாங்கியவர் இன்னொரு குழுவோடு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். வேறு குழுக்கள் ஆஸ்திரேலியாவரை போயின. 1885 ஜனவரியில் லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் ஒரு 'ஜப்பானிய கிராமம்' திறந்தார்கள். ஜப்பானியர்களைக் கொண்டுவந்து குடிவைத்து, அவர்கள் வேலை செய்வதையும் தேநீர் குடிப்பதையும் டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். வித்தை காட்டவேண்டிய அவசியம்கூட இல்லை, இருந்தாலே போதும் என்றாகிவிட்டது. அதே மார்ச்சில் 'மிக்காடோ' என்ற இசை நாடகத்தில் இங்கிலீஷ்காரர்களே ஜப்பானியர் வேஷம் கட்டிப் பாட ஆரம்பித்தார்கள்.

ஐரோப்பா ஜப்பானை எப்படிக் கண்டுபிடித்தது என்று கலை வரலாற்றில் படித்தால் ஹொகுசாயின் அலையையும் வான்கோவின் பூக்களையும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் மியூசியத்துக்குப் போகாத, ஓவியம் வாங்க வக்கில்லாத லட்சக்கணக்கான சாதாரண ஜனங்கள் முதலில் பார்த்த ஜப்பான், கொட்டகையில் ஏணி மேல் நின்ற ஒரு குழந்தை.

ஹிரோஹச்சி 1890-இல் ஃபுகுஷிமாவில் செத்துப்போனார். அவருடைய நாட்குறிப்பு நூறு வருஷம்போலக் கிடந்து, 1970-களில் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் கையால் அச்சேறியது. அதை வைத்து நாவலாசிரியர் யசுவோகா ஷோதாரோ ஒரு புத்தகமே எழுதினார். ரிஸ்லி 1874-இல் செத்தார். ஆனால் அவர் பெயர் சாகவில்லை. இன்றைக்கும் உலகம் முழுக்க சர்க்கஸ்காரர்கள் மல்லாந்து படுத்துக் காலால் ஆளைச் சுழற்றும் வித்தையை 'ரிஸ்லி ஆக்ட்' என்றுதான் சொல்கிறார்கள். படுத்தவருக்குப் பெயர் உண்டு. மேலே ஏறினவனுக்கு இல்லை.

யூடியூபில் அந்த வித்தையை நிறையப் பார்க்கலாம். நானும் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். குழந்தை மேலே போய்க் கையை விரிக்கிற அந்த நொடியில் வீடியோவை நிறுத்திவிட்டு, உமேகிச்சி என்று ஒருதரம் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். நாலே எழுத்துக்கு மேல் கொஞ்சம்தான், வாய் வலிக்காது.