சனிக்கிழமை எண்ணெயும் சவுனாவும்: திருமுக்கூடல் முதல் வல்லம் வடகால் வரை வெப்பக் குளியலின் சமூக வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

வீட்டிலேயே சவுனா அறையும் குளிர்நீர்த் தொட்டியும் அமைத்துக்கொள்வது உடல்நலம் பேணும் புதிய வழியாக இன்று நகர்ப்புறங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. வெம்மையாலும் நீராலும் உடலைப் பேணும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. எண்ணெய் முழுக்கு, வேது, ஒற்றடம் ஆகியவை வீட்டு வழக்கங்களாக நெடுங்காலம் நிலவியுள்ளன. இவ்வழக்கங்களின் பயனை வெப்பத்தின் அளவு மட்டுமே தீர்மானிப்பதில்லை. நீரும் நேரமும் பிறர் உழைப்பும் யாருக்குக் கிடைத்தன என்பதும் தீர்மானிக்கிறது. இக்கருத்தை இக்கட்டுரை திருமுக்கூடல் கல்வெட்டையும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தின் அண்மைக்கால வரலாற்றையும் ஒப்புநோக்கி நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: எண்ணெய் முழுக்கு, வேது, சவுனா, திருமுக்கூடல், தொழிலாளர் விடுதி, ஒரகடம்

முன்னுரை

ஹூண்டாய் நிறுவனத்தின் இந்தியக் கிளை 1996இல் தொடங்கப்பட்டு, இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துத் தொழிற்சாலையை நிறுவியது. 2006இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ரெனோ–நிசான் தொழிற்சாலை ஒரகடத்தில் திறக்கப்பட்டது. கொரியாவில் ஜிம்ஜில்பாங் என்னும் பொது வெப்பக் குளியலகமும், ஜப்பானில் ஒஃபுரோ என்னும் வெந்நீர்த் தொட்டியும், பின்லாந்தில் சவுனாவும் அன்றாட வாழ்வோடு கலந்தவை. வெப்பக் குளியலைப் பண்பாடாகக் கொண்ட நாடுகளின் நிறுவனங்கள் வெப்பமே இயல்பான ஒரு நிலத்தில் வந்து சேர்ந்தன. வெப்பக் குளியலின் வரலாற்றை ஆராய இவ்வட்டாரம் பொருத்தமான களமாக அமைவதற்கு இதுவே முதற்காரணம். தொழிலாளர் தங்கும் விடுதிகள் மிகுந்த இப்பகுதிக்கு அருகிலேயே, விடுதிவாசிகளின் குளியலைப் பற்றிப் பேசும் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இருப்பது இரண்டாம் காரணம்.

சவுனாவின் தாயகமும் மருத்துவச் சான்றும்

ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழும் பின்லாந்தில் சுமார் 30 இலட்சம் சவுனாக்கள் உள்ளன. 2020இல் யுனெஸ்கோ சவுனாப் பண்பாட்டை மானுடத்தின் தொட்டறிய இயலாத மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. சவுனா அறையின் வெப்பநிலை பொதுவாக 80 முதல் 100 செல்சியஸ் வரை இருக்கும். காற்று பெரும்பாலும் உலர்ந்திருக்கும்; சூடான கற்களின்மீது நீர் ஊற்றி அவ்வப்போது ஆவி எழுப்புவர். சில நிமிடங்கள் அமர்ந்தபின் குளிர்ந்த காற்றிற்கோ ஏரிநீருக்கோ வெளியேறுவர்.

சவுனாவின் நலன் குறித்துப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, கிழக்குப் பின்லாந்தைச் சேர்ந்த நடுத்தர வயது ஆண்கள் 2315 பேரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியிடப்பட்டது. வாரத்திற்கு ஒரு முறை சவுனா சென்றவர்களைவிட, நான்கு முதல் ஏழு முறை சென்றவர்களிடம் திடீர் இதய இறப்பு குறைவாகவே காணப்பட்டது. ஆயினும் அது நோக்காய்வு. தொடர்பைக் காட்டுகிறதேயன்றிக் காரணத்தை உறுதிசெய்வதில்லை. அடிக்கடி சவுனா செல்ல முடிந்தவருக்கு ஓய்வும் தக்க உடல்நிலையும் முன்பே வாய்த்திருக்கலாம். குளிர்நீரில் திடீரென அமிழ்வதற்கும் எச்சரிக்கை தேவை. அது மூச்சையும் இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஒருசேர உயர்த்தும். இதய நோயுள்ளோருக்கு ஆபத்தாக முடியலாம்.

தமிழ் மரபில் வெம்மையும் நீரும்

சித்த மருத்துவம் புறமருந்துகளை முப்பத்திரண்டாக வகுக்கிறது. அவற்றுள் ஒற்றடம், வேது, பொட்டணம், புகை ஆகியவை வெம்மையை உடலில் செலுத்தும் முறைகள். நொச்சி முதலிய இலைகளைக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் ஆவி பிடிப்பது வேது. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி நான்கு நாளுக்கொரு முறை எண்ணெய் முழுக்கையும், எண்ணெய் தேய்த்த நாளில் வெந்நீரையும் விதிக்கிறது. ஆத்திசூடியின் நீராடல் பற்றிய அறிவுரைக்குச் சனிக்கிழமைக் குளியல் என்றும், குளிர்ந்த நீரில் குளித்தல் என்றும் இருவகைப் பொருள் கூறப்படுவது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

சவுனாவுக்கும் எண்ணெய் முழுக்குக்கும் நோக்கத்திலேயே வேறுபாடு உண்டு. குளிர்நாட்டில் உடலுக்கு வெப்பத்தை ஊட்டுவது சவுனா. தமிழ் வழக்கில் வெந்நீர் பயன்பட்டாலும், ‘உடற்சூட்டைத் தணித்தல்’ என்பதே முழுக்கின் நோக்கமாகச் சொல்லப்படுகிறது. நல்லெண்ணெய், சீயக்காய், அரப்பு, முழுக்கு நாளின் மிளகு ரசம், பகலுறக்கத் தவிர்ப்பு ஆகிய அனைத்தும் சூட்டிற்கும் குளிர்ச்சிக்கும் இடையே சமநிலை காணும் ஏற்பாடுகள். ஒரு நாளின் பெரும்பகுதியை அந்நாளுக்கே ஒதுக்காமல் இவ்வொழுங்கைக் கடைப்பிடிக்க இயலாது.

திருமுக்கூடல் கல்வெட்டு

காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் அமைந்துள்ளது திருமுக்கூடல். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலை இவ்வூருக்கு அண்மையில் கொண்டு சேர்க்கும். இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இது, கோயிலைச் சார்ந்து இயங்கிய கல்விக்கூடம், விடுதி, பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுரசாலை ஆகியவற்றின் செலவினங்களை விரித்துரைக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், செவிலியர் முதலியோருக்கான ஊதியமும், சேமிப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் இடம்பெறுகின்றன.

இக்கட்டுரையின் நோக்கிற்கு முதன்மையான செய்தி ஒன்றுண்டு. விடுதியில் தங்கியோருக்கு உணவோடு, சனிக்கிழமைகளில் தேய்த்துக் குளிக்க எண்ணெயும் விளக்கெரிக்க எண்ணெயும் வழங்க இக்கல்வெட்டு நிதி ஒதுக்குகிறது. வீட்டைப் பிரிந்து வந்து ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் தங்கும் ஒருவருக்கு வாராந்திரக் குளியல், உணவையும் விளக்கையும் போல அடிப்படைத் தேவையாகக் கருதப்பட்டிருக்கிறது. அது நன்கொடையாளரின் அவ்வப்போதைய கருணையை நம்பியிராமல், கல்லில் வெட்டப்பட்ட ஆண்டுச் செலவாக நிலைபெற்றது.

மரபின் எல்லைகள்

இச்சான்றை வைத்துச் சோழர் காலத்தைப் பொற்காலமாகப் புனைந்துவிடல் ஆகாது. திருமுக்கூடலில் எண்ணெய் பெற்றோர் வேதமும் இலக்கணமும் பயின்றோரும் கோயிலைச் சார்ந்தோருமே. கோயில் நிலங்களில் உழைத்தோருக்கு இத்தகைய ஒதுக்கீடு எதையும் அக்கல்வெட்டு கூறவில்லை. பொதுக் குளங்களிலும் கிணறுகளிலும் நீரெடுக்கும் உரிமை நூற்றாண்டுகளாகச் சாதியால் மறுக்கப்பட்டு வந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டசபையில் கொண்டுவர நேர்ந்ததே அதற்குச் சான்று.

வீட்டு முழுக்கிற்குப் பின்னாலும் உழைப்புப் பிரிவினை இருந்தது. நீர் சேந்தி, விறகடுப்பில் தவலையேற்றிக் காய்ச்சி, சீயக்காய் அரைத்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆகவே, ஒருவரது ஓய்வு மற்றொருவரது வேலையால் இயன்றது.

தொழில் வட்டாரத்தில் வெப்பமும் நீரும் நேரமும்

இன்று அப்பெண்களின் வழிவந்தோர் பலர், பல மாவட்டங்களிலிருந்து வந்து இவ்வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர், விடுதிகளில் தங்குகின்றனர். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பணியாளர்கள் தங்கிய விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பெண் பணியாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் ஈடுபட்டனர். சில தங்குமிடங்களும் உணவறைகளும் தன் தரநிலையை எட்டவில்லை என ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது. நெரிசலான அறைகளும் குழாய்நீரற்ற கழிப்பறைகளும் அப்போது செய்திகளில் இடம்பெற்றன. வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 18,720 பெண் பணியாளர்கள் தங்கத்தக்க, 706.50 கோடி ரூபாய் மதிப்பிலான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. விடுதியை நிறுவனத்தின் பொறுப்பாகக் காணும் நோக்கு இதன்வழி மீண்டும் உருப்பெறுவதாகக் கொள்ளலாம்.

வெப்பமோ இவ்வட்டாரத்தில் தேடிச் சென்று பெற வேண்டிய பொருளன்று. கடலோர ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் குளிரும் இயல்பான வழி அடைபடுகிறது. போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழக உப்பளத் தொழிலாளரிடம் வெப்ப அழுத்தத்தையும் சிறுநீரகச் செயற்குறைவையும் ஆராய்ந்துள்ளனர். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. தொழிற்கூடங்களின் காற்றோட்டத்தையும் வெப்பநிலையையும் பற்றி 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவும், கழுவும் வசதிகளைப் பற்றி 42ஆம் பிரிவும் விதி செய்தன. வெப்பமும் நீரும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றமை தற்செயலன்று.

நீரின் நிலையும் இத்தகையதே. கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு நீர் அனுப்பப்படுகிறது. தொழிலின் தாகத்திற்கு இவ்வளவு திட்டமிட்ட ஏற்பாடு உண்டு. தொழிலாளியின் குளியலுக்கும் அதே அளவு திட்டமிடல் தேவை என்பதையே திருமுக்கூடல் நினைவூட்டுகிறது.

நேரமும் நீரைப் போன்றே அரிதாகிவருகிறது. பன்னிரண்டு மணிநேரப் பணிக்கு வழிவகுக்கும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறி, கடும் எதிர்ப்பிற்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தால், வாராந்திர முழுக்கிற்கான பொழுதும் சுருங்கியிருக்கும்.

முடிவுரை

சவுனாவில் அமர்பவர் விரும்பிய நொடியில் கதவைத் திறந்து வெளியேறலாம்; குளிர்ந்த நீர் அவருக்காகக் காத்திருக்கும். வெப்பம் மருந்தாவது இவ்விரண்டு உறுதிகளாலேயே. பணியிடத்தின் வெம்மையிலிருந்து நினைத்த நேரத்தில் வெளியேற முடியாதவருக்கு அதே வெப்பம் நோயாகிறது. ஆகவே, பின்லாந்து ஆய்வின் முடிவுகளை இந்நிலத்தில் அப்படியே பொருத்துவதும், எண்ணெய் முழுக்கை எல்லோருக்கும் கிட்டிய பொது மரபாகப் போற்றுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரண்டும் குளியலை நீர், நேரம், உழைப்பு ஆகியவற்றிலிருந்து பிரித்துப் பார்க்கின்றன.

ஒரு வீட்டில் சவுனா அறை அமைப்பது அவ்வீட்டாரின் விருப்பம். ஆயிரக்கணக்கானோர் தங்கும் விடுதியில் தடையற்ற நீரும், நோயுற்ற நாளில் வேது பிடிக்க வெந்நீரும், வாரத்தில் ஒரு நாள் முழுக்கிற்கான ஓய்வும் உறுதிசெய்வது பொதுப்பொறுப்பு. அப்பொறுப்பை ஒரு வட்டத்தினருக்கு மட்டுமேனும் ஆண்டுச் செலவாக எழுதிவைத்த முன்மாதிரி இவ்வட்டாரத்திற்கு அருகிலேயே உள்ளது. அதன் வட்டத்தை விரிப்பதே இன்றைய தேவை.